எம்.ஆர்.ஐ. படத்தில் விழாத இடுப்பு வலி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டு ஒரு விநோதமான ஆய்வு நடந்தது. வலி என்று வருகிறவருக்குத்தான் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இங்கே நான்கு மாதமாக முதுகு வலியே எட்டிப் பார்க்காத 148 பேரை அழைத்து எடுத்தார்கள். டிஸ்க் பிதுங்கல், தேய்மானம், நரம்புப் பாதை குறுகியிருப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். மனநிலை பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, யாருக்கெல்லாம் வலி வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவு எலும்பு மருத்துவர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியிருக்கும். தொடக்கத்திலேயே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு முதுகு வலி வரும் வாய்ப்பு 2.3 மடங்கு. படத்தில் தெரிந்த எந்தக் கோளாறும் வலியை இந்த அளவுக்கு முன்கூட்டிக் காட்டவில்லை.

நம் ஊர் நடைமுறையில் மனநிலை என்ற பேச்சே கிடையாது. இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் தைலம், பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்கேன் சென்டர். பெரிய பிளாஸ்டிக் உறையிலிருந்து படத்தை உருவி விளக்குப் பெட்டியில் மாட்டும் மருத்துவர், பேனா முனையால் எல்4, எல்5 என்று தொட்டுக் காட்டுகிறார். "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. வெயிட் தூக்காதீங்க, குனியாதீங்க." வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. தானாகச் சொல்ல நோயாளிக்குத் தோன்றுவதில்லை. விட்டுப்போகும் அந்தக் கேள்விகள்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். பதினைந்து வயதில் அவற்றைக் கேட்கும் விதம் வேறு, எழுபதில் வேறு.

படத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது காட்டுவதை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். 1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், முதுகு வலி இல்லாத 98 பேரின் படங்களைப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. 2015-இல் வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலை நரைப்பதுபோல அதுவும் பெரும்பாலும் வயதின் வேலை. "டிஸ்க் தேஞ்சுபோச்சு" என்று கேட்டதிலிருந்து தரையில் உட்காரவே பயப்படுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பயம், தேய்மானத்தைவிட அதிகமாக முடக்கிப்போடுகிறது.

உலகம் முழுக்க 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-இல் இது 84.3 கோடியாகும் என்பது கணிப்பு. இவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு வலிக்கு இன்னதுதான் காரணம் என்று ஓர் உறுப்பைச் சுட்ட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மீதிப் பத்துச் சதவீதத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, ஏற்கெனவே புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது, இரவில் படுத்தாலும் தணியாத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே இனி வருபவை பொருந்தும். மனச்சோர்வு என்று முத்திரை குத்தி எலும்பில் இருக்கும் கிருமியைத் தவறவிடுவதும் நடக்கக் கூடியதுதான்.

வலி நிஜம்

"எல்லாம் மனசுதான் காரணம்" என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலி எங்கே தொடங்கினாலும் அனுபவிக்கிறவருக்கு அது முழு வலி. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையிலேயே, வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்று இருக்கிறது. மனதை அதிலிருந்து பிரிக்க வழியில்லை.

இதன் பொறிமுறை ஓரளவு தெரிந்ததே. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த கருத்துப்படி, முதுகிலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அதைத் திறக்கவும் அடைக்கவும் மூளைக்கும் அதிகாரம் உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புகள், செரட்டோனின், நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள்களைக் கொண்டு வலியை அடக்குகின்றன. மனச்சோர்வோடு சேர்த்துப் பேசப்படுவதும் இதே இரண்டு பொருள்கள்தான். அடக்கும் கை தளர்ந்தால் சின்ன வலியும் பெரிதாகக் கேட்கும். இதோடு தூக்கமும் கெட்டால் மறுநாள் வலி தாங்கும் சக்தி இன்னும் குறையும்.

சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர், சில வாரங்களாக முதுகு வலி உள்ளவர்களின் மூளையை ஓராண்டுக்குத் தொடர்ந்து படமெடுத்தார்கள். யாருக்கு வலி ஆறும், யாருக்கு நிலைத்துவிடும் என்பதை, ஆசைக்கும் ஊக்கத்துக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பைப் பார்த்தே பெருமளவு கணிக்க முடிந்தது. 2012-இல் வந்த இந்த முடிவு, நாள்பட்ட முதுகு வலியை முதுகோடு மட்டும் முடிச்சுப் போடுவதை ரொம்பவே கடினமாக்கிவிட்டது.

எது முதலில் வருகிறது? இரண்டும்தான். கனடாவில் 1,18,533 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், வலி இல்லாதவர்களில் 5.9 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்களில் அது 19.8 சதவீதம். வலி ஏற ஏற மனச்சோர்வும் படிப்படியாக ஏறியது. அதே நாட்டின் சஸ்காச்சுவானில் எதிர்த்திசையிலிருந்து பார்த்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்தவர்களுக்குத் தொந்தரவான கழுத்து, முதுகு வலி புதிதாக வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவே "முதுகு சரியானா மனசு தானா சரியாயிடும்" என்று காத்திருப்பதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

பள்ளிப் பையைத் தாண்டி

பத்தாம் வகுப்புப் பிள்ளை முதுகு வலிக்கிறது என்றால் வீட்டில் முதல் குற்றவாளி புத்தகப் பைதான். இந்தியாவின் பள்ளிப் பைக் கொள்கை, பை எடை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 11 முதல் 14 வயது வரையுள்ள 1,046 மாணவர்களை, வலி இல்லாத நிலையில் சேர்த்து ஓராண்டு தொடர்ந்தபோது, புதிதாக வந்த முதுகு வலிக்கும் பை எடைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நடத்தைச் சிக்கல்களும், அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லும் பழக்கமும் இருந்த பிள்ளைகளுக்கே வலி அதிகம் வந்தது.

இந்த வயதில் முதுகு வலி அபூர்வமும் இல்லை. டென்மார்க்கில் 29,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை ஆராய்ந்ததில், பெண்களில் 18 வயதுக்குள்ளும் ஆண்களில் 20 வயதுக்குள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் ஒருமுறையாவது கீழ்முதுகு வலியைப் பார்த்திருந்தார்கள்.

பிள்ளைகளின் மனச்சோர்வு பெரும்பாலும் பெரியவர்களுடையதுபோல அழுகையாக வராது. எரிச்சலாக வரும். தொட்டதற்கெல்லாம் கத்துவது, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து காலையில் எழ முடியாமல் கிடப்பது, பிடித்த கிரிக்கெட்டைக்கூட விட்டுவிடுவது, திங்கட்கிழமை காலையில் மட்டும் முதுகு பிடித்துக்கொள்வது. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க டிராமா" என்று சொல்லிவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். "வலி எப்போ அதிகமா இருக்கு? ஸ்கூல்ல ஏதாவது கஷ்டமா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஒன்று வெளியே வரும். கேலி, மதிப்பெண் பயம், தோழியோடு பிணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். இரவில் எழுப்பும் வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் இந்தப் பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலை செய்யும் வயது

முதுகு வலி பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது போயிங் விமானத் தொழிற்சாலையில் நடந்தது. தொழிலாளர்கள் 3,020 பேரின் உயரம், எடை, தசை வலிமை, வேலையின் தன்மை, மனநிலை எல்லாவற்றையும் பதிந்துகொண்டு சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் 279 பேர் முதுகுப் பிரச்சினை என்று பதிவு செய்தார்கள். யார் கனமான பாகங்களைத் தூக்கினார்கள் என்பதைவிட, யாருக்கு வேலையே பிடிக்கவில்லை என்பதுதான் முன்னால் வந்து நின்றது. தங்கள் வேலையை அநேகமாக ஒருபோதும் ரசித்ததில்லை என்றவர்கள், மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகு வலி சொன்னார்கள். 1991-இல் இது வெளியானது. சுமை தூக்குவதால் வலியே வராது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. மூட்டை தூக்குகிறவர், அரசுப் பேருந்து ஓட்டுநர், தையல் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்திருக்கும் பெண் ஆகியோரின் முதுகு உண்மையாகவே வேலையால் வருந்துகிறது. அதே சுமையை ஒருவர் மூன்று நாளில் தள்ளிவிட்டு எழுந்துவிட, இன்னொருவர் மூன்று வருடம் சுமந்து திரிவது ஏன் என்பதற்குத்தான் இதில் விடை.

கிளாஸ்கோ எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1987-லேயே இதைச் சொல்லிவிட்டார். முதுகு வலியை இயந்திரப் பழுதாக மட்டும் பார்த்து, படுக்கை ஓய்வும் அறுவை சிகிச்சையுமாக மருத்துவம் அளித்ததே பல பேரை முடக்கியது என்பது அவர் வாதம். ஓர் அறுவை மருத்துவரே இப்படிச் சொன்னதால் காது கொடுத்துக் கேட்டார்கள் போலும்.

முடங்கும் விதம் இப்படி. ஒரு நாள் குனிந்து கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடிக்கிறது. "இனிமே குனியக் கூடாது" என்று முடிவு. குனியாததால் முதுகுத் தசை இறுகுகிறது. இறுகியதால் சின்ன அசைவும் வலிக்கிறது. வலிப்பதால் நடைப்பயிற்சி நிற்கிறது. நண்பர்களோடு டீக்கடை நிற்கிறது. கல்யாணம், காதுகுத்து என்றால் "நீங்க போயிட்டு வாங்க, என்னால உட்கார முடியாது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சந்தோஷம் தந்த ஒவ்வொன்றும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, ஆறு மாதத்தில் மனச்சோர்வு வந்து உட்கார்ந்துவிடுகிறது. வலி பற்றிய பயமே வலியை நீட்டிக்கும் இந்தச் சுழலைப் பற்றி வ்லாயன், லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000-இல் விரிவாக எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் பலவும் அதைச் சுற்றியே நடந்தன.

இந்த நம்பிக்கையை மாற்ற முடியுமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரமே கொடுத்தது: முதுகு வலிக்குப் படுத்துக் கிடக்காதே, நடமாடு, வேலைக்குப் போ. பொதுமக்கள், மருத்துவர்கள் இரு தரப்பின் எண்ணமும் மாறியது. முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. விளம்பரம் ஒளிபரப்பாகாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் மக்கள் எண்ணம் அப்படியே இருந்தது.

ஆண்கள் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "மனசு சரியில்லை" என்று ஒரு நாற்பது வயது ஆண் வாய்விட்டுச் சொல்வது நம் வீடுகளில் நடக்காத காரியம். "உடம்பு வலிக்கு" என்று மாலையில் குடிப்பதும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும், ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடப்பதும்தான் வெளியே தெரியும். குடி தூக்கத்தை ஆழமில்லாமல் ஆக்கி மறுநாள் வலியைக் கூட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த வயதுக்கே உரியது. 45 வயதுக்கு உட்பட்டவருக்குக் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைப்பு, நடமாடினால் குறைந்து ஓய்வில் கூடுவது என்று மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். மூட்டு வாத நிபுணரிடம் காட்ட வேண்டும். பல பேருக்கு இது கண்டுபிடிக்கப்பட ஆண்டுகள் ஆகின்றன.

பிரசவத்துக்குப் பிறகு

"தண்டுவடத்துல ஊசி போட்டாங்க, அன்னியிலிருந்து இடுப்பு வலி." சிசேரியன் ஆன பெண்களில் இதைச் சொல்லாதவர் குறைவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பது உண்டு. ஆனால் வலி மறக்க முதுகில் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில் நீண்டகால முதுகு வலியில் வித்தியாசம் காணப்படவில்லை. கர்ப்ப காலத்திலேயே தளர்ந்த மூட்டுகள், வலுவிழந்த வயிற்றுத் தசை, ராத்திரி நாலு தடவை எழுந்து குழந்தையைத் தூக்குவது என்று காரணங்கள் வேறு இருக்கின்றன.

ஸ்வீடனில் பிரசவமாகி மூன்று மாதமான பெண்களைப் பார்த்தபோது, இடுப்பு வலி உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தன. 2007-இல் இது வெளியானது. அதில் பயன்பட்ட எடின்பரோ கேள்வித்தாளில் மொத்தம் பத்துக் கேள்விகள்தான். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் செவிலியர் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். குழந்தையின் எடையைக் கேட்கும் அளவுக்குத் தாயின் தூக்கத்தை யாரும் கேட்பதில்லை.

அறுபதுக்கு மேல்

"வயசானா வலிக்கத்தான் செய்யும்." பெரியவர்களிடம் இப்படிச் சொல்லும் மகனும் மருத்துவரும் சேர்ந்து இரண்டு நோயைத் தவறவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வின் தரவுகள் 1999-இல் அலசப்பட்டன. பெங்களூரும் அதில் ஒரு மையம். மனச்சோர்வு உறுதியான 1,146 நோயாளிகளில் 69 சதவீதம் பேர் மருத்துவரிடம் சொன்னவை உடல் தொந்தரவுகள் மட்டுமே. பெரியவர்களிடம் இந்தப் போக்கைக் கூடுதலாகவே பார்க்கலாம். கணவர் போய் ஒரு வருடமான பாட்டி, "தனியா இருக்கறது கஷ்டமா இருக்கு" என்று அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் வீடியோ காலில் சொல்வதில்லை. "இடுப்பு விட்டுப்போவுதுடா" என்பார். அதைச் சொல்லலாம்; அதற்குக் கூச்சமில்லை. மகன் ஆன்லைனில் இடுப்பு பெல்ட் வாங்கி அனுப்புவான்.

ஜெரோம் யேசவேஜ் குழுவினர் 1982-இல் முதியோருக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாளை உருவாக்கியபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். வலி, தூக்கம், பசி பற்றிய கேள்விகளை விலக்கிவிட்டார்கள். முதுமையில் அவை எப்படியும் இருக்கும், அவற்றை வைத்து எடைபோட்டால் குழப்பம்தான் மிஞ்சும். பதிலாக, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா, பழைய பழக்கங்களை விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்ற மாதிரி, ஆமாம்-இல்லை என்று பதில் சொல்லக் கூடிய கேள்விகள். வீட்டில் உள்ளவர்களும் இதே வழியில் யோசிக்கலாம். கோயிலுக்குப் போவதை எப்போது நிறுத்தினார்? சீரியலைக்கூடப் பார்க்காமல் எழுந்து போகிறாரா? "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்ற பேச்சு வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அதைப் புலம்பல் என்று ஒதுக்கக் கூடாது.

உடலையும் மறந்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து, லேசாக வழுக்கினாலே முதுகெலும்பு நசுங்கக் கூடும். திடீரென்று ஓரிடத்தில் வந்த கூர்மையான வலிக்கு எக்ஸ்ரே அவசியம். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து வலியை மறக்கச் செய்யும் குறுக்கு வழி, ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியக் கூடும்.

இரண்டு கேள்வி, ஒரு நோட்டு

எந்த வயதானாலும் வலி ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டால் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். கடந்த இரண்டு வாரத்தில், செய்யும் காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தது எத்தனை நாள்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். நோயை இது உறுதி செய்யாது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மதிப்பெண் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் இப்படித் தொடங்கலாம்: "டாக்டர், ரெண்டு மாசமா இடுப்பு வலி. அதோட தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பில்லாம இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க." ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்தால், பேச்சு படத்தோடு முடியாது.

அடுத்து நோட்டு. பள்ளிப் பிள்ளையின் கோடு போட்ட நோட்டு போதும். தினமும் இரவில் நான்கு எண்கள்: வலி பத்துக்கு எத்தனை, மனநிலை பத்துக்கு எத்தனை, தூங்கிய மணி, நடந்த நிமிடம். பக்கத்தில் அன்று நடந்தது ஒரு வரி: "மாமியார் வந்தார்", "ஆபீஸில் ரிவ்யூ", "பேரன் வந்தான், வலி மறந்தே போச்சு". இரண்டு வாரத்தில் யாரும் சொல்லாமலேயே ஒரு தொடர்பு தெரியத் தொடங்கும். தூக்கம் கெட்டதற்கு மறுநாள் வலி எண் ஏறுவதைப் பலரும் முதன்முறையாக அங்கேதான் பார்க்கிறார்கள்.

நடை விஷயத்தில் ஒரு பொதுவான தப்பு உண்டு. வலி குறைந்த அன்று வீடு முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கை. இதற்கு மாற்று, வலியைப் பார்த்துச் செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்துச் செய்வது. எட்டு நிமிடம் நடந்தால் வலி கூடவில்லை என்றால், நல்ல நாளானாலும் மோசமான நாளானாலும் எட்டு நிமிடம்தான். அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. ஆஸ்திரேலியாவில் வலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வில், இப்படிப் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு அடுத்த முறை வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பதே இலக்கு. செருப்பைத் தவிர வேறு செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, சீட்டில் இதை எழுதிக்கொடுப்பவர் குறைவு.

மனச்சோர்வுக்கும் இதே கணக்கு செல்லும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளை விட்டுப்போன காரியங்களுக்குத் திரும்ப அழைத்து வரச் செய்தார்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்பு. 2017-இல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இண்டியானாவில் நடந்த சோதனை நல்ல உதாரணம். முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலியோடு மனச்சோர்வும் உள்ள 250 பேர். ஒரு பாதிக்கு முதல் 12 வாரம் மனச்சோர்வு மாத்திரையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு வலியைச் சமாளிக்கும் பயிற்சி ஆறு அமர்வுகள். ஓராண்டு முடிவில் வலி கணிசமாகக் குறைந்தவர்கள் இவர்களில் 41.5 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 17.3 சதவீதம். மனச்சோர்வு பாதியாகக் குறைந்தவர்கள் 37.4 சதவீதம், மறு தரப்பில் 16.5.

மாத்திரை பற்றி. டுலோக்சடின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு 2010-இல் அமெரிக்கா நாள்பட்ட முதுகு வலிக்கும் அனுமதி கொடுத்தது. ஆனால் 2023 டிசம்பரில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, முதுகு வலி என்று வரும் எல்லோருக்கும் இதை வாடிக்கையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறவருக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே வழிகாட்டி இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரை ஆகியவற்றை வாடிக்கையாகத் தருவதற்கு எதிராகவும், உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு ஆதரவாகவும் நிற்கிறது. எலும்பு மருத்துவர் ஒரு சீட்டும் மனநல மருத்துவர் ஒரு சீட்டும் கொடுத்திருந்தால் இரண்டையும் இருவரிடமும் காட்டியே ஆக வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை சேர்ந்தால் வேறு வகையான ஆபத்து.

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ வாய் உலர்வதோ இருக்கலாம். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று தானாக நிறுத்துவதும், நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் விடுவதும் இரண்டுமே கூடாது. ஆறாவது வாரம் நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். பலருக்குத் தூக்க எண் முதலில் நகரும், பிறகு நடந்த நிமிடம். வலி எண் கடைசியில்தான் இறங்கும். பன்னிரண்டாவது வாரத்திலும் நான்கும் அசையாமல் நின்றால், அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.